முப்பது வயது இரும்பு, புதிய பத்து கியர்

என் மலை சைக்கிள் ஃபிரேமுக்குப் பெயர் கிடையாது. கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களோடு சாமானாக நாற்பது டாலருக்குக் கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதன் ஸ்டிக்கர்களை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, கரும்பச்சைப் பெயின்டைத் தூரிகையாலேயே அடித்திருக்கிறார். முன்குழாயில் தூரிகையின் மயிர் இரண்டு இன்னமும் பெயின்டுக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பெடல் அச்சு போகும் குழலின் அடியில் ஒரு வரிசை எண் பொறித்திருக்கிறது. அதை வைத்து என்ன கம்பெனி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எஃகுக் குழாய், விறைப்பான ஃபோர்க், 26 அங்குலச் சக்கரம், ரிம்மை இருபுறமும் கவ்வும் கான்டிலீவர் பிரேக். முன்னால் 26, 36, 46 பற்களோடு மூன்று வட்டுகள். பின்னால் ஏழு பல்சக்கரங்கள் கொண்ட அடுக்கு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 1990களின் முற்பாதி என்று சொல்லிவிடலாம்.

வாங்கிய புதிதில் அப்படியே ஓட்டினேன். சமதரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் போகிற இடம் சமதரை இல்லை. குபெர்டினோவுக்கு மேலே ஃப்ரீமான்ட் ஓல்டர் என்று ஒரு காட்டுப் பகுதி இருக்கிறது. பிராஸ்பெக்ட் சாலை முடிகிற இடத்திலிருந்து மண்பாதை ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தில் இந்த வண்டியின் ஆகச் சிறிய கியரான 26-க்கு 28 (முன்னால் 26 பல், பின்னால் 28 பல்) என் முழங்காலைப் பதம் பார்த்தது. கூட வந்தவர்கள் எல்லாம் பின்னால் பெரிய தட்டு போன்ற கேசட்டை, அதாவது பல்சக்கர அடுக்கை, வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே ஏறினார்கள். நான் பேசாமல் ஏறினேன், மூச்சு இல்லாததால்.

புதிய கியர் போட முடியுமா என்று ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், "இந்தக் காலத்துச் சாமான் எதுவும் இதில் ஏறாது" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில், "அந்தப் பணத்துக்குப் புதியதாகவே ஒன்று வாங்கிவிடலாமே" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் புதிய வண்டியைவிட இந்தப் பச்சை ஃபிரேம் எனக்குப் பொருந்துகிறது. இதன் உயரமும் நீளமும் என் உடம்புக்கு எடுத்துத் தைத்த மாதிரி இருக்கின்றன. அதோடு, கடைக்காரர் சொன்னது பாதிதான் உண்மை என்று எனக்குச் சந்தேகம் இருந்தது.

சந்தேகம் சரிதான். பழைய ஃபிரேமில் புதிய கியர் ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிப்பது கியரின் எண்ணிக்கை இல்லை. ஃபிரேமின் சில இடங்களில் சில மில்லிமீட்டர்கள்தான். ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கரம் உட்காரும் இரண்டு கவைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. என்னுடையதில் 135 மி.மீ. இந்த எண்ணைப் பார்த்ததும் பாதி நிம்மதி. 1980களின் மலை சைக்கிள்களில் இது 130 அல்லது அதற்கும் குறைவாக இருக்கும். 1990களில் 135 நிலைத்துவிட்டது. பிறகு 142 வந்தது, அதற்குப் பிறகு 148. இந்தப் பிந்திய இரண்டும் தடித்த அச்சைத் துளைக்குள் செருகித் திருகும் வகை. பழைய ஃபிரேமில் அவற்றுக்கு வழியில்லை. 135-க்கான சக்கரம் மட்டும் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 130 ஆக இருந்தாலும் எஃகு என்றால் கவலைப்பட வேண்டாம். தெரிந்தவர் கையால் பக்கத்துக்கு இரண்டரை மி.மீ. விரித்துக்கொடுத்துவிடுவார். அலுமினிய ஃபிரேமில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, விரிசல் விட்டுவிடும்.

இரண்டாவது, பெடல் அச்சுக் குழல். 73 மி.மீ. அகலம், ஆங்கில மரை. இதுவும் நல்ல செய்தி. இந்த மரை நூறு வருடப் பழக்கம். இன்றைக்கும் குழலுக்குள் அச்சைத் தாங்கும் புதிய பாட்டம் பிராக்கெட்டுகளை இதற்குச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நடுவில் பல கம்பெனிகள் மரையே இல்லாமல் அழுத்திச் செருகும் குழல்களைக் கொண்டுவந்து, அவை கிரீச்சிட்டு, வாங்கியவர்கள் திட்டித் தீர்த்து, இப்போது நிறைய பேர் மரைக்கே திரும்பியிருக்கிறார்கள். பெயரில்லாத என் ஃபிரேம் அந்தக் கூத்தை எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

ஆனால் பழைய பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. முப்பது வருடத் துரு. துருவைத் தளர்த்தும் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து சித்தப்பா வீடியோவில் வந்தார். அவர் அந்தக் காலத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். பால்ரஸ் மாற்றுவது, கோட்டம் எடுப்பது, ஓவராயில் பார்ப்பது எல்லாம் நான் வேடிக்கை பார்த்தது அவர் கடையில்தான்.

"என்னப்பா, கோட்டர் பின்னையே காணோம்?" என்றார்.

"இதில் கோட்டர் பின் கிடையாது சித்தப்பா. அச்சின் முனை சதுரமாக இருக்கும், பெடல் மாட்டும் கிராங்க் அதில் இறுகி உட்கார்ந்துவிடும்."

"சரி, அதை விடு. வலது பக்கத்து பாட்டம் பிராக்கெட் கப்பை எந்தப் பக்கம் திருப்பப் போகிறாய்?"

"முன்பக்கமாகத்தான், கடிகாரம் சுற்றுகிற பக்கம். இதுவும் எதிர்மரைதான்."

"அப்படியானால் பயப்படாதே. ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு கையால் தள்ளாதே, எழுந்து நின்று உடம்பு எடையைப் போடு. அதற்கு முன்னால் ஸ்பேனர் நழுவாமல் ஒரு போல்ட்டைப் போட்டு அதோடு சேர்த்துக் கட்டிவிடு."

இந்தக் கடைசி வாக்கியம்தான் விலைமதிப்பில்லாதது. உள்வரிப் பல் கொண்ட அந்தக் கழற்றி, பாதி வழியில் நழுவினால் பாட்டம் பிராக்கெட்டின் பல்லையும் வழித்துவிடும், நம் முட்டியையும் கிழித்துவிடும். கிராங்க் போல்ட்டையே ஒரு தடித்த வாஷரோடு திரும்பப் போட்டுக் கழற்றியை அழுத்திப் பிடிக்கச் செய்தேன். நீளமான கைப்பிடி. எழுந்து நின்று எடையைப் போட்டதும், டமார் என்று ஒரு சத்தம். ஃபிரேம்தான் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். கப் கால் சுற்று நகர்ந்திருந்தது. சித்தப்பா அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் முக்கியமான சமாச்சாரம்: செயின் ஓடும் கோடு. ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து முன்வட்டின் பல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்கிற அளவு. பின்னால் பத்து அடுக்குக் கேசட் இருந்தால், அதன் நடுப் பல்சக்கரத்துக்கு நேராக முன்வட்டு நிற்பது நல்லது. இல்லாவிட்டால் செயின் ஒரு கோடியில் மிகவும் சாய்ந்து ஓடும், சத்தம் போடும், சீக்கிரம் தேயும். இப்போது வரும் கிராங்குகள் 148 மி.மீ. பின்பகுதிக்காக வடிவமைக்கப்பட்டவை, அவற்றில் வட்டு நடுக்கோட்டிலிருந்து 52 அல்லது 55 மி.மீ. தள்ளி நிற்கும். 135 மி.மீ. ஃபிரேமில் அதைப் போட்டால் பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது செயின் கோணலாக இழுபடும். நான் பார்த்த பழைய வண்டிகளில் நிறைய பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பளபளப்பான புதிய கிராங்கைப் போட்டுவிட்டு, ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குச் செயினைத் தள்ளும் டிரெய்லியரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் நான் பழைய கிராங்கையே வைத்துக்கொண்டேன். ஐந்து போல்ட் கிராங்க். வட்டத்தின் விட்டம் 110 மி.மீ. மூன்று வட்டுகளையும் கழற்றிவிட்டு, நடுவட்டு இருந்த இடத்தில் ஒரே ஒரு 34 பல் வட்டு. இந்த 110 மி.மீ. வட்டத்தில் அதைவிட மிகச் சிறிய வட்டு உட்காராது. சிலர் இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. 26 அங்குலச் சக்கரம் 29 அங்குலச் சக்கரத்தைவிடச் சிறியது. ஒரு பெடல் சுற்றுக்கு அது உருளும் தூரமும் குறைவு. 26-இல் 34 பல் போட்டால், 29-இல் கிட்டத்தட்ட 30 பல் போட்ட மாதிரி கால் உணரும். புதிய வண்டி வைத்திருப்பவர்களும் 30, 32 என்றுதான் ஓட்டுகிறார்கள்.

அந்த வட்டு ஒரு பல் தடிப்பாகவும் அடுத்த பல் மெலிதாகவும் மாறி மாறி வெட்டப்பட்டது. செயினில் ஒரு கண்ணி அகலம், அடுத்த கண்ணி குறுகல் அல்லவா? தடித்த பல் அகலக் கண்ணிக்குள்ளும் மெலிந்த பல் குறுகல் கண்ணிக்குள்ளும் போய் அடைத்துக்கொள்ளும். குலுக்கலில் செயின் நழுவாது. ஸ்ராம் கம்பெனி 2012-இல் கொண்டுவந்த ஒற்றை வட்டு அமைப்போடு இது பரவியது. இதனால்தான் முன் டிரெய்லியரும், கைப்பிடியில் அதை இயக்கும் ஷிஃப்டரும், கேபிளும் குப்பைக்குப் போக முடிந்தது. போட்டுப் பார்க்கும்போது ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. பழைய வட்டு போல்ட்டுகள் இரண்டு வட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிற நீளம் உடையவை; ஒற்றை வட்டுக்கு அவை முழுவதும் இறுகியது போலத் தோன்றினாலும் வட்டு ஆடும். ஒற்றை வட்டுக்கென்றே குட்டை போல்ட் விற்கிறார்கள். பத்து டாலருக்கும் குறைவு. அது இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

பழைய அச்சின் நீளம் 122.5 மி.மீ. அதில் நடுவட்டு 50-ஐத் தொட்டது. எனக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே வர வேண்டும். 118 மி.மீ. அச்சுள்ள புதிய சதுர முனை பாட்டம் பிராக்கெட்டைப் போட்டதும், வட்டு இரண்டு மி.மீ. சொச்சம் உள்ளே வந்து 48-க்கு அருகில் நின்றது. இன்னும் குட்டையாக 113 போட்டிருக்கலாமே என்றால், வட்டின் பல், பின்சக்கரத்தை நோக்கிப் போகும் செயின்ஸ்டே குழாயைத் தொட்டுவிடும் என்று பயம். இப்போது வட்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும். பாரம் ஏறி ஃபிரேம் கொஞ்சம் வளைந்தாலும் உரசாது.

பின்சக்கரத்துக்கு வருவோம். சக்கரத்தின் நடுவே உள்ள பழைய ஹப்பில் கேசட் ஏறும் உருளை ஏழு அடுக்குக்கு உரியது, நீளம் போதாது. அந்த உருளையை மட்டும் கழற்றி எட்டு அடுக்கு நீளத்துக்கு உரியதை மாற்ற வழி இருக்கிறது. அச்சின் வாஷர்களை இடம் மாற்றி, ஆரக்கம்பிகளை இழுத்து ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். செய்திருப்பேன். ஆனால் ரிம்மின் பக்கச்சுவரை விரலால் தடவிப் பார்த்தால் பிரேக் தேய்த்துத் தேய்த்துக் குழிந்திருந்தது. இறக்கத்தில் ரிம் வெடித்தால் கியர் எத்தனை இருந்து என்ன பயன்? ரிம் பிரேக்குக்கு ஏற்ற, 135 மி.மீ. புதிய 26 அங்குலச் சக்கரம் ஒன்றை முழுதாகவே வாங்கிவிட்டேன்.

அந்தச் சக்கரத்தின் உருளை ஷிமானோ கம்பெனியின் பழைய எச்.ஜி. வகை. இந்த ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எட்டு, ஒன்பது, பத்து அடுக்குகள் எல்லாம் இதில் ஏறும். மலை சைக்கிளுக்கான பதினோரு அடுக்குகளில் பலவும் ஏறும். பெரிய பல்சக்கரம் ஆரக்கம்பிகளின் மேல் சற்றுக் கவிந்து நிற்பதால் கூடுதல் இடம் தேவைப்படுவதில்லை. ஸ்ராமின் மலிவுவிலைப் பன்னிரண்டு அடுக்குக் கேசட்டும் 11 பல்லில் தொடங்குவதால் இதில் உட்காரும். 10 பல்லில் தொடங்கும் கேசட்டுகளுக்கு மட்டும் வேறு உருளை வேண்டும். ஷிமானோவுக்கு ஒன்று, ஸ்ராமுக்கு வேறொன்று. கடைக்காரர் எதுவுமே ஏறாது என்று கையை விரித்தது எவ்வளவு அபத்தம் என்று இப்போது தெரிகிறதா? உண்மையிலேயே ஏறாதது ஒன்று உண்டு. 2023-இல் ஸ்ராம் கொண்டுவந்த, ஹேங்கர் என்ற தொங்கும் நாக்கே இல்லாமல் ஃபிரேமோடு நேராக இறுகும் டிரெய்லியர். அதற்கென்றே அமைந்த ஃபிரேம் இருந்தால்தான் ஆகும். அதைப் பழைய இரும்பில் மாட்ட யாரும் தலைகீழாக நின்றாலும் முடியாது. அதன் விலையைப் பார்த்தால் மாட்டத் தோன்றவும் தோன்றாது.

அப்படியானால் பன்னிரண்டு ஏறும் என்கிறபோது நான் ஏன் பத்தில் நின்றேன்? காரணம் ஹேங்கர்.

டிரெய்லியர் தொங்குவதற்குப் பின்கவைக்குக் கீழே நீண்டிருக்கும் இரும்பு நாக்குதான் ஹேங்கர். புதிய ஃபிரேம்களில் அது தனித் துண்டு. வளைந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். என் ஃபிரேமில் கவையோடு சேர்ந்தே வார்த்தது. முப்பது வருடத்தில் அது எத்தனை முறை சுவரில் சாய்ந்து விழுந்ததோ! ஏழு அடுக்குக் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் 5 மி.மீ. இடைவெளி. ஹேங்கர் லேசாகச் சாய்ந்திருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். பத்து அடுக்கில் அந்த இடைவெளி சுமார் 4 மி.மீ. பன்னிரண்டில் இன்னும் குறைவு. அடுக்கு கூடக் கூட ஹேங்கர் மீது வைக்கும் நம்பிக்கையும் கூட வேண்டும். கையால் நிமிர்த்திய பழைய நாக்கின் மீது எனக்குப் பத்து வரைக்கும்தான் நம்பிக்கை.

நிமிர்த்தும் கருவி என்னிடம் இல்லை. பக்கத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே வாரக் கடைசியில் வரும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், நான் பெட்டியிலிருந்து புதிய டிரெய்லியரை எடுப்பதைப் பார்த்துவிட்டு, "அதை உள்ளே வையுங்கள். முதலில் இது நேராக இருக்கிறதா பாருங்கள்" என்று ஒரு நீண்ட கைப்பிடிக் கருவியை நீட்டினார். டிரெய்லியர் திருகும் துளைக்குள் அதன் முனையைத் திருகி, மறுமுனையில் உள்ள குச்சியை ரிம்மைத் தொடும்படி நிறுத்த வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுற்றி மேல், கீழ், முன், பின் என்று ஒவ்வோர் இடத்திலும் ரிம்முக்கும் குச்சிக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். ரிம்மில் ஒரே புள்ளியைத்தான் ஒவ்வோர் இடத்துக்கும் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் ரிம்மின் கோட்டத்தை ஹேங்கரின் கோட்டமாக எடுத்துக்கொள்வோம். வால்வைக் குறியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். என்னுடையதில் கீழ்ப்பக்கம் குச்சி ரிம்மைத் தொட்டது, மேலே என் சுண்டுவிரல் நுழைந்தது. அதாவது ஹேங்கர் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. அதே கைப்பிடியை நெம்புகோலாக வைத்து மெல்ல வெளியே இழுத்தார். எஃகு முதலில் பிடி கொடுக்கவில்லை. பிறகு வெண்ணெய்போல இல்லாவிட்டாலும், பிடிவாதக்காரன் சமாதானத்துக்கு வந்ததுபோல அசைந்துகொடுத்தது. சுற்றிலும் வித்தியாசம் இரண்டு மி.மீ.க்குள் வந்ததும் நிறுத்திவிட்டார். நான்குக்குள் இருந்தாலே போதும் என்பது பொதுக் கணக்கு. எஃகு என்பதால் இதைச் செய்தோம், அலுமினிய நாக்காக இருந்தால் இரண்டாம் முறை வளைக்கும்போது உடைந்திருக்கும் என்றார்.

நான் வாங்கியது மைக்ரோஷிஃப்ட் கம்பெனியின் அட்வென்ட் எக்ஸ்: பத்து அடுக்கு, 11 முதல் 48 வரை. ஷிமானோவின் பதினோரு அடுக்கு டியோரும் பக்கத்தில் நின்றது. 11 முதல் 51 வரை, அதே எச்.ஜி. உருளையில் ஏறும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுக்கு ஒன்று குறைவாக இருப்பதே எனக்குப் பிடித்தது. ஆனால் எதை வாங்கினாலும் ஷிஃப்டரையும் டிரெய்லியரையும் ஒரே குடும்பத்திலிருந்து வாங்குங்கள். ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு எவ்வளவு கேபிளை இழுக்கிறது, டிரெய்லியர் அவ்வளவு கேபிளுக்கு எவ்வளவு நகர்கிறது என்கிற விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனிக்குள்ளும் வேறுபடும். ஷிமானோவின் ஒன்பது அடுக்கு மலை டிரெய்லியரும் பத்து அடுக்கு மலை ஷிஃப்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கேசட்டையும் செயினையும் மட்டும் அடுக்கின் எண்ணிக்கை பார்த்துக் கலந்துகொள்ளலாம்.

ஷிஃப்டரைத் தொட்டதும் பிரேக்கும் வந்துவிட்டது. அந்தக் காலத்து ஷிஃப்டர் பிரேக் கைப்பிடியோடு ஒரே துண்டு. அதைக் கழற்றினால் பிரேக் கைப்பிடியும் போய்விடும். இப்போது பெரும்பாலும் விற்கும் கைப்பிடிகள் 1996-இல் வந்த வி-பிரேக்குக்கு உரியவை. அவை கேபிளை அதிகமாக இழுப்பவை. கான்டிலீவரோடு அவற்றைச் சேர்த்தால் பிரேக் கெட்டியாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் பிடிக்காது. ஆகவே பிரேக் கைகளையும் வி-பிரேக்காக மாற்றினேன். ஃபிரேமில் உள்ள அதே முளைகளில்தான் அவையும் உட்காருகின்றன. கியருக்குத் தொடங்கிய செலவில் பிரேக் எப்படி வந்தது என்று வீட்டில் கேள்வி வந்தது. அது தனிக்கதை.

செயினை வெட்ட, முன்வட்டையும் பின்னால் 48 பல்லையும் சுற்றி, டிரெய்லியரைத் தொடாமல் இழுத்துப் பிடித்து, இரண்டு முனைகளும் சந்திக்கிற இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட வைத்துக்கொண்டேன். ஷாக் அப்சார்பர் இல்லாத ஃபிரேம் என்பதால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. டிரெய்லியரின் பின்பக்கத் திருகைத்தான் நிறைய உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. இந்த ஹேங்கர் 28 பல்லுக்காக வடிவமைத்தது. 48 பல்லின் அடியில் டிரெய்லியரின் மேல் உருளை உரசாமல் தொங்க அது இறங்கி நிற்க வேண்டும். திருகு கிட்டத்தட்ட முழு நீளமும் உள்ளே போய்விட்டது. இன்னும் மூன்று பல் பெரிய கேசட் என்றால் வேறு திருகு தேட வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி நான் செய்த முதல் சோதனை பெடலைப் பின்னோக்கிச் சுற்றுவது. செயினைப் பெரிய 48-இல் நிறுத்திவிட்டுப் பின்னோக்கிச் சுற்றினால், செயின் ஓடும் கோடு வெளியே அதிகம் தள்ளியிருக்கிற வண்டிகளில் செயின் தானாகவே அடுத்த சிறிய பல்சக்கரத்தில் விழுந்துவிடும். மலைப்பாதையில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஏற்றத்தில் நின்று, பெடலைப் பின்னால் கொண்டுவந்து காலை வைத்து அழுத்தும் அந்த நொடியில் செயின் குதித்தால், கம்பியில் உட்கார வேண்டியதுதான். நான் மெதுவாகச் சுற்றினேன். செயின் பல்லின் விளிம்பில் ஏறுவதுபோலத் தயங்கியது. பிறகு அடங்கிப் பல்லிலேயே நின்றது. வேகமாகச் சுற்றினேன். நின்றது. அச்சை 122.5-இலிருந்து 118 ஆக்கியதன் பலனை அப்போது கண்ணால் பார்த்தேன்.

எனக்கு முன்னால் இந்த ஊர்க்காரர்கள் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மலை சைக்கிள் பிறந்த இடம் என்று எல்லோரும் வடக்கே மாரின் மாவட்டத்தைத்தான் சொல்வார்கள். டமால்பைஸ் மலையின் பக்கத்தில், ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு அருகே, 1976-இல் ரீபேக் என்ற இறக்கப் போட்டி தொடங்கியது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்கின் கிரீஸ் அந்த இறக்கத்தில் கொதித்துப் புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைத் திறந்து புதிய கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். ஆனால் அதற்கும் முன்னால், 1974 டிசம்பரில், மாரினில் உள்ள மில் வேலியில் சைக்ளோகிராஸ் என்ற, சேற்றிலும் மண்ணிலும் ஓட்டும் சைக்கிள் போட்டி ஒன்று நடந்தது. அங்கே குபெர்டினோவிலிருந்து சில இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். பெரிய டயர் போட்ட பழைய ஒற்றை கியர் வண்டிகளில் டிரெய்லியரும் கியரும் பொருத்திக்கொண்டு வந்திருந்தார்கள். தங்கள் கூட்டத்துக்கு மோரோ டர்ட் கிளப் என்று பெயர். மோரோ என்பது அந்தக் காலத்து ஒரு பின்மிதி பிரேக்கின் பெயர். பின்னாளில் மலை சைக்கிளின் தந்தையர் என்று புகழப்பட்ட கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி ஆகியோர் அந்த வண்டிகளை அங்கே பார்த்தார்கள். பழைய ஃபிரேமில் அதற்கென்று செய்யப்படாத கியரைப் பொருத்தினால் மலையேறலாம் என்பதைக் காட்டியவர்களில் இந்தக் குபெர்டினோப் பையன்கள் முந்தியவர்கள். அவர்கள் பிறகு அதிகம் பேசப்படவில்லை. என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருந்த ஊர்ப் பிள்ளைகள்! அவர்களுடைய ஃபிரேம்களில் ஹேங்கரே கிடையாது என்பதை நினைத்தால், என் பாடு ஒன்றுமே இல்லை.

ஃப்ரீமான்ட் ஓல்டரில் அதே ஏற்றத்தை அதே காலை வேளையில் மறுபடி ஏறினேன். பழைய கியரில் ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி 1.9 மீட்டர் நகரும். இப்போது ஒன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. காகிதத்தில் சின்ன வித்தியாசம். முழங்காலில் பெரிய வித்தியாசம். அங்கே ஏற்றத்தின் மேலே உள்ள ஹண்டர்ஸ் பாயின்ட் வரை இறங்காமல் ஏறினேன். மேல் கியரில் இழப்பு உண்டு, மறைக்க மாட்டேன். முன்பு 46-க்கு 12 இருந்தது. இப்போது 34-க்கு 11. நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்றுச் சுற்றினால் மணிக்கு 34 கிலோமீட்டர். அதற்கு மேல் கால் காற்றில்தான் சுற்றும். தார்ச்சாலையில் வேகமாகப் போகும் நண்பர்கள் என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். போகட்டும். சாலையில்தான் நேரத்தை அதிகம் கழிக்கிறீர்கள் என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். மூன்று வட்டுகளை வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் 34 பல் கேசட் போட்டுக்கொள்வதே உங்களுக்குக் கையைக் கடிக்காத வழி.

மொத்தச் செலவு, பிரேக்கையும் சேர்த்து, நானூறு டாலரைத் தொடவில்லை. அதில் பாதி ஷிஃப்டர், டிரெய்லியர், கேசட்; கால்வாசிக்கு மேல் சக்கரம். முன்சக்கரத்தின் ரிம்மையும் தடவிப் பார்த்தேன். அதுவும் குழிந்துகொண்டுதான் வருகிறது. அடுத்த மாதச் சம்பளத்தில் அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். பழைய 46 பல் வட்டு வீணாகவில்லை. சித்தப்பாவின் பேரன் அதைச் சுவர்க் கடிகாரம் செய்யக் கேட்டான்; இந்த டிசம்பரில் ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்துக்கொண்டுபோகிறேன்.